அசையாத விளிம்பு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மலைகளும் கல்வேலிகளும் நிறைந்த வெர்மாண்ட் மாநிலத்தில், ஒரு ஜூன் மாதக் காலைப்பொழுதில், டிமோத்திப் புல்லும் சிவப்புக் குளோவரும் இடுப்பளவு வளர்ந்து நின்ற சரிவான நிலத்தின் ஓரமாக, எழுபது வயதைக் கடந்த ஒரு விவசாயியின் பின்னால் நான் நடந்து போய்க்கொண்டிருந்தேன். முந்தின நாள் மாலை அவர் தம்முடைய பழைய டிராக்டரில் பூட்டிய புல்வெட்டும் யந்திரத்தைக் கொண்டு அந்த நிலத்தில் இரண்டு சுற்று மட்டும் சுற்றிவிட்டு, மனம் ஒப்பாமல் நிறுத்தியிருந்தார். வெட்டிய தடத்தைப் பார்த்தேன். ஏழடி அகலமுள்ள அந்தத் தடத்தில் பெரும்பகுதி, சீப்பு வைத்துக் கத்தரித்த தலைமயிரைப் போல் ஒரே மட்டமாக இருந்தது. ஆனால் மூன்று இடங்களில், தடத்தின் நீளம் முழுவதும் கோடு கிழித்தாற்போல், புல் வெட்டுப்படாமல் மடிந்து, நசுங்கி, நார்நாராகக் கிழிந்து நின்றது. கத்தியை முந்தின நாள் பகலில்தான் நானும் அவருமாகச் சேர்ந்து சாணை பிடித்திருந்தோம். ஆகவே, சாணை போதவில்லை போலும் என்றேன். அவர் குனிந்து, கிழிந்த தண்டு ஒன்றைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்து, கத்தியில் குற்றம் இல்லை, கத்தி எதன்மேல் வந்து வெட்டுகிறதோ அதில்தான் குற்றம் இருக்கிறது என்றார்.

அடுத்த மூன்று நாட்கள் அவருடைய மரக்கொட்டிலில் அந்த யந்திரத்தைப் பிரித்துப் பூட்டுவதில் கழிந்தன. அந்த வார்த்தையின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது அப்போதுதான்.

முதலில், அவர் வெட்டும் அந்தப் புல்லைப் பற்றி ஒரு சொல் விளக்கம். நம் நாட்டில் வைக்கோல் என்றால் நெல்லை அடித்தெடுத்தபின் மிஞ்சிய தாள். இங்கே பேசப்படுவது அது அன்று; புல் பூக்கத் தொடங்கும் பருவத்தில், சாரம் முழுவதும் இலையிலும் தண்டிலும் இருக்கும்போதே பசுமையாக வெட்டி, வெயிலில் உலர்த்தி, பனிக்காலத்து மாதங்களில் கால்நடைகளுக்குப் போடுவதற்காகச் சேமிக்கும் தீவனம். அதை உலர்புல் என்று சொல்வோம். வெட்டும்போது அதன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். கட்டு கட்டி அடுக்கும்போது தண்ணீர் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்திருக்க வேண்டும். குறையாவிட்டால் கட்டுக்குள் பூஞ்சை பிடிக்கும். உள்ளே சூடு ஏறி, சில சமயம் கொட்டிலே தீப்பற்றிக்கொள்ளும். மழை இல்லாத மூன்று நான்கு நாட்கள் அடுத்தடுத்துக் கிடைப்பது அரிதான அந்தப் பிரதேசத்தில், வெயில் வந்த அன்று யந்திரம் ஓடாமற்போனால், அந்த நஷ்டத்தைப் பிப்ரவரி மாதத்தில் பசுக்கள் அனுபவிக்கும்.

ஒரு புல்தண்டை வெட்டுவது அற்பமான காரியம் என்று நமக்குத் தோன்றுகிறது. உண்மையில், மேல்நுனி கட்டற்று ஆடிக்கொண்டிருக்க, அடி மாத்திரம் மண்ணில் ஊன்றியிருக்கும் மெல்லிய தண்டு ஒன்றைக் கத்தியால் தொட்டால், அது வெட்டுப்படுவதற்குப் பதிலாக வளைந்து கொடுக்கிறது. இந்த வளைவை வெல்வதற்கு மனிதன் இரண்டே வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறான். ஒன்று, தண்டு வளைவதற்கு அவகாசம் கொடுக்காமல் மிகுந்த வேகத்தோடு வீசி வெட்டுவது. ஐரோப்பியர் இரு கைகளாலும் வீசும் நீண்ட பிடியுள்ள அரிவாள் அந்த வகை. இக்காலத்து வட்டத்தட்டு யந்திரங்களும் அதே வகை, அவற்றின் கத்திநுனிகள் நொடிக்கு எழுபது, எண்பது மீட்டர் வேகத்தில் சுழல்கின்றன. மற்றொன்று, தண்டு விலகிப் போகாதபடி அதற்கு எதிரே ஒரு பிடிமானம் கொடுப்பது. நம் கதிர் அறுப்பவர் இடக்கையால் தாளைக் கொத்தாகப் பற்றிக்கொண்டு வலக்கையால் அரிவாளை இழுக்கும்போது, அந்த இடக்கைதான் பிடிமானம். பாக்குவெட்டியில் மேல் அலகு மட்டுமே கூரானது, கீழ் அலகு மழுங்கியது. ஆனால் கீழ் அலகு இல்லாமல் பாக்கு பிளவுபடாது. கத்தரிக்கோலில் இரண்டு விளிம்பும் கூராக இருந்து, ஒன்றையொன்று உராய்ந்து கடக்கின்றன. நான் சொல்ல வந்த யந்திரம் இருபத்தெட்டுக் கத்தரிக்கோல்களை வரிசையாகத் தரையில் படுக்க வைத்தது போன்றது. அவற்றின் கீழ் அலகுகள் அசையாதவை.

டிராக்டரின் வலப்பக்கத்தில், தரையை ஒட்டி, ஏழடி நீளத்துக்கு ஓர் எஃகுச் சட்டம் நீண்டிருக்கிறது. அதன் முன்விளிம்பில் மூன்று அங்குலத்துக்கு ஒன்றாக, கூர்நுனியுடைய இரும்பு விரல்கள் முன்னோக்கி நிற்கின்றன. ஒவ்வொரு விரலின் நடுவிலும் குறுக்காக ஒரு பிளவு. பிளவின் அடிப்பக்கத்தில், ஓரங்களில் நுண்ணிய பற்கள் கொண்ட கடினமான எஃகுத் தகடு ஒன்று ஆணியால் பதிக்கப்பட்டிருக்கிறது. அடித்தகடு என்று அதைக் கூறுவேன். எல்லாப் பிளவுகளையும் ஊடுருவிக்கொண்டு கத்தி ஓடுகிறது. கத்தி என்பது ஒரு மெல்லிய தண்டின்மேல் மூன்றங்குல அகலமுள்ள முக்கோணத் தகடுகளை நெருக்கமாகத் தறைந்த நீண்ட பல்வரிசை. விரல்கள் புல்லைச் சீப்பு போல் வகிர்ந்து பிரிக்கின்றன. பல் ஒன்று ஒரு விரலிலிருந்து புறப்பட்டு அடுத்த விரலை அடையும்போது, இடையில் அகப்பட்ட தண்டுகளை அந்த அடித்தகட்டின் ஓரத்தில் வைத்து நறுக்குகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. விரலின் மேலுதடு பல்லுக்கு மேலேயும் கவிந்திருப்பதால், தண்டுக்குக் கத்தியின் கீழே ஒரு தாங்கலும் மேலே ஒரு தாங்கலும் கிடைக்கின்றன. அது எந்தப் பக்கமும் சாய முடியாமல் அகப்பட்டுக்கொள்கிறது. ஆகையால்தான், வட்டத்தட்டு யந்திரத்துக்குத் தேவையான வேகத்தில் நூற்றில் சில பங்கு இருந்தாலே இதற்குப் போதுமானதாக இருக்கிறது.

பிளவுபட்ட விரல்களுக்குள் பல்வரிசை ஓடுவது என்ற இந்த யோசனையை 1833-இல் காப்புரிமை பெற்ற தம்முடைய அறுவடை யந்திரத்தில் பயன்படுத்தியவர் ஓபெட் ஹஸ்ஸி. சைரஸ் மக்கார்மிக் தம் யந்திரத்தை 1831-இல் வர்ஜீனியாவில் ஓட்டிக் காட்டியிருந்தாலும், காப்புரிமை பெற்றது 1834-இல். அவர்களுக்கும் முன்பே, 1828-இல், ஸ்காட்லாந்தில் பாட்ரிக் பெல் என்பவர் பல கத்தரிக்கோல்களை வரிசையாக இணைத்து ஓர் அறுவடை யந்திரம் செய்திருந்தார். புகழும் செல்வமும் மக்கார்மிக்குக்கே போய்ச் சேர்ந்தன. ஆனால் புல் வெட்டும் யந்திரத்தின் விரல்களுக்கு இடையே கை வைத்துப் பழுது பார்க்கிறவன் ஹஸ்ஸியைத்தான் நன்றியோடு நினைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஈரப்புல் சிக்கி அடைத்துக்கொள்ளாதபடி விரலின் பிளவைத் திறந்துவிடும் முறையையும் 1847-இல் அவரே கொடுத்தார். குதிரைகள் இழுத்த காலத்தில் யந்திரத்தின் சொந்தச் சக்கரங்களே கத்தியை ஓட்டின. குதிரை நின்றால் கத்தியும் நின்றுவிடும். 1920-களில் டிராக்டர் எஞ்சினின் சக்தியைப் பின்புறத்துச் சுழல்தண்டு வழியாக நேரே கருவிக்குக் கொடுக்கும் ஏற்பாடு பரவி, அத்தண்டின் வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று என்று நிர்ணயமான பின்புதான், அடர்ந்த புல்லில் மெதுவாக நகர்ந்துகொண்டே கத்தியை முழு வேகத்தில் ஓட்டுவது சாத்தியமாயிற்று.

கொட்டிலுக்குத் திரும்புவோம். யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியைத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே அவர் அதைத் தொட்டார். கத்தியை உருவி எடுத்துத் தனியே வைத்தார். பிறகு சட்டத்தின் ஒரு முனையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடி, இருபத்தெட்டு அடித்தகடுகளின் மேல்தளத்தையும் ஒரே பார்வையில் நோக்கினார். என்னையும் நோக்கச் சொன்னார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏனென்றால், நான் விரல்களின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை கண்ணுக்கு எளிதில் படுவன, ஆனால் பயனற்றவை. நுனிகள் மேலும் கீழுமாக இருந்தாலும் பாதகமில்லை. தகடுகள்தான் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தபோது, ஏழாவது, பதினாறாவது, இருபத்திரண்டாவது தகடுகள் மற்றவற்றைக் காட்டிலும் ஒரு நெல்மணியின் கனம் தாழ்ந்திருப்பது தெரிந்தது. நிலத்தில் கிழிந்து நின்ற மூன்று கோடுகளும் அந்த மூன்று விரல்கள் போன வழிதான். பல் அங்கே வந்தபோது தகட்டைத் தொடவில்லை. இடைவெளியில் புல் மடிந்து நுழைந்து, வெட்டுப்படாமல் மென்று துப்பப்பட்டிருக்கிறது.

விரல்கள் ஏன் தாழ்ந்தன என்பதற்கு, அந்தப் பிரதேசத்தின் பூமியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்வரை அங்கே கனத்த பனிப்பாறை படிந்து கிடந்தது. அது உருகி விலகியபோது, தான் அரைத்துக்கொண்டு வந்த மண்ணையும் கல்லையும் கலந்தபடியே விட்டுச் சென்றது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைகிறது. கல் மண்ணைவிட விரைவில் குளிரைக் கடத்துவதால், கல்லின் அடியில் பனிக்கட்டி திரண்டு அதை மேலே தூக்குகிறது. வசந்தத்தில் பனி உருகும்போது, கல் இறங்குவதற்கு முன்பே அதன் அடியில் மண் சரிந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது. இப்படி வருஷந்தோறும் ஒரு விரற்கடை, அரை விரற்கடையாகக் கற்கள் ஏறி வருகின்றன. முன்னோர் பொறுக்கியெடுத்து அடுக்கிய கற்களே வெர்மாண்டையும் சேர்த்து நியூ இங்கிலாந்து எனப்படும் அந்தப் பிரதேசம் எங்கும் காணும் கல்வேலிகள்; அவ்வளவு பொறுக்கியும் அடுத்த ஆண்டு புதிய கற்கள் வருகின்றன. புல்லுக்குள் மறைந்திருக்கும் கல்லில் மோதும் விரல், ஒடியாவிட்டால் வளைகிறது. ஒடிந்தது உடனே தெரியும். வளைந்ததுதான் பல வருஷங்கள் தெரியாமல் இருந்து கெடுக்கும்.

வளைந்த விரலை நிமிர்த்துவதற்கு அவர் உபயோகித்த கருவி நான்கு ராத்தல் சுத்தியல் ஒன்றுதான். விரல் வார்ப்பிரும்பாக இருந்தாலும் வளைந்து கொடுக்கும்படி பக்குவப்படுத்தப்பட்ட வார்ப்பு. சட்டத்திலிருந்து கழற்றாமலே, அதன் கழுத்துப் பாகத்தில், அளவறிந்து ஓர் அடி, பிறகு முழங்காலிட்டு ஒரு பார்வை, மறுபடியும் ஓர் அடி என்று, அரைமணி நேரத்தில் மூன்றையும் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். கேடில்லாத விரல் ஒன்றை ஆதாரமாக எடுத்துக்கொண்டு, மற்றவற்றை அதற்கு ஒப்பிட்டே திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றையொன்று நோக்கித் திருத்தப் போனால், வரிசை முழுவதுமே வில்லாக வளைந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். ஓரம் மழுங்கி உருண்டுபோன ஐந்து அடித்தகடுகளின் ஆணியைத் துளைக்கோலால் தட்டி வெளியேற்றிப் புதுத்தகடு பதித்தோம். இருபது ஆண்டுகளாக வாரம் தவறாமல் சாணை கண்ட கத்திக்கு எதிரே, அந்தத் தகடுகள் ஒருமுறைகூட மாற்றப்படாமல் இருந்திருக்கின்றன.

கத்தியின் பற்களைப் பற்றிச் சொல்லும்போது, அவற்றை மாற்றும் முறையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒவ்வொரு பல்லும் இரண்டு ரிவெட் ஆணிகளால் தண்டோடு தறையப்பட்டிருக்கிறது. அந்த ஆணிகளின் தலையைச் சாணைக்கல்லால் தேய்த்தெடுக்க நான் முயன்றபோது, அவர் என்னை விலக்கிவிட்டு, வைஸ் என்ற பிடிகருவியின் தாடைகளைச் சற்றே திறந்து, பல் அந்த இடைவெளியில் தலைகீழாகத் தொங்கும்படியும், தண்டு தாடையின்மேல் அமரும்படியும் கத்தியை வைத்தார். பல்லின் பின்விளிம்பு தண்டைத் தாண்டி நூலளவு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விளிம்பின்மேல் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி. இரண்டு ஆணிகளும் ஒரே கணத்தில் குறுக்கே அறுந்து, பல் தரையில் விழுந்தது. ஆணியை இழுத்துப் பிடுங்குவது கடினம்; இரண்டு தளங்களுக்கு இடையே குறுக்காக வெட்டிவிடுவது எளிது. புல்லுக்கு இந்த யந்திரம் செய்வதையே, யந்திரத்தின் ஆணிக்கு வைஸும் சுத்தியலும் செய்தன. துளையில் தங்கிய துண்டுகளைத் தட்டி நீக்கி, புதுப் பல்லை வைத்து, ஆணியின் தலை பட்டறைக்கல்லில் நன்றாக ஊன்றியிருக்கும்படி பிடித்து, மறுமுனையை ஒரே அடியில் நசுக்காமல் சுற்றிலும் சிறுசிறு அடிகளாகத் தட்டிக் குடை போல் விரிக்க வேண்டும். ஆணி தளர்ந்திருந்தால், பல் ஆடும்; ஆடும் பல் விரலின் உதட்டில் மோதித் தானும் ஒடிந்து, பக்கத்துப் பற்களையும் ஒடிக்கும்.

தேய்ந்தாலும் ஒடியாத பற்களைச் சாணை பிடித்தால் போதும். பல்லின் சரிவு எந்தக் கோணத்தில் முதலில் இருந்ததோ அந்தக் கோணத்திலேயே தேய்க்க வேண்டும்; மெல்லியதாக்கினால் கூர் அதிகமாகும், ஆனால் அந்தக் கூர் ஒரு பகல்கூட நிற்காது. சாணைக்கல்லில் அழுத்திப் பிடித்து விளிம்பு நீலநிறம் கொள்ளுமளவுக்குச் சூடேற்றிவிட்டால், எஃகின் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். பிறகு அந்தப் பல் பார்வைக்குப் பல்லாக இருக்குமே ஒழிய வெட்டாது. முக்கோணத்தின் சாய்வையும் மாற்றக்கூடாது. பல்லின் ஓரத்துக்கும் அடித்தகட்டின் ஓரத்துக்கும் இடையே உள்ள கோணம் ஓர் அளவுக்குமேல் விரிந்தால், அகப்பட்ட தண்டு நழுவி முன்னோக்கித் தப்பிவிடும். எந்த அளவுவரை தப்பாது என்பதைத் தண்டுக்கும் எஃகுக்கும் உள்ள உராய்வு தீர்மானிக்கிறது. அடித்தகட்டின் ஓரத்தில் நுண்பற்கள் வைத்திருப்பது அந்த உராய்வைக் கூட்டுவதற்கே.

தகடும் பல்லும் சரியாக இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஓடாவிட்டால் பயனில்லை. பல்லின் முன்பாகம் தகட்டின்மேல் படிய வேண்டும். பின்பாகத்தில் மயிரிழை இடைவெளி இருக்கலாம். கத்தித்தண்டு பின்னால் சாய்ந்து ஓடும் தேய்மானத் தகடுகள் தேய்ந்துவிட்டால், தண்டு பின்பக்கம் அமிழ்ந்து, பல்லின் நுனி மூக்கை உயர்த்திக்கொள்ளும். மேலேயிருந்து அமுக்கிப் பிடிக்கும் பிடிகள் தளர்ந்திருந்தாலும் அப்படியே. எங்கள் யந்திரத்தில் இரண்டு குறையும் இருந்தன. தேய்மானத் தகடுகளை மாற்றி, பிடிகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, காகிதக் கனம் இடம் இருக்கும்படி இறக்கினோம். அதிகமாக இறக்கினால் கத்தி இறுகிச் சூடாகும். பொருத்தம் சரியாக அமைந்ததற்கு அடையாளம், கத்தி கையால் இழுத்தால் வரும்படியும், கிடுகிடு என்று ஆடாதபடியும் இருப்பது. கடைசியில் அவர் பழைய செய்தித்தாளைக் கீற்றுகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் நீண்ட குச்சியின் பிளவில் செருகி, விரல்களுக்கு இடையே நீட்டி, மறுமுனையில் கத்தியை ஓட்டும் சக்கரத்தை என்னைக் கொண்டு மெல்லத் திருப்பச் செய்தார். கீற்று நறுக்கென்று அறுந்தால் சரி. மடிந்து உள்ளே போனால் அந்த விரலுக்குத் திரும்ப வேண்டும். குச்சி இல்லாமல் கையால் நீட்டலாமே என்று நான் கேட்டதற்கு, அவர் பதில் சொல்லாமல், தம் பெரியப்பாவின் இடக்கையில் இரண்டு விரல்கள் இல்லை என்பதை மட்டும் சொன்னார். எஞ்சின் நின்றிருந்தாலும், ஒருவர் சக்கரத்தைத் திருப்பும்போது மற்றொருவர் கை கத்தியருகே இருந்தால், அந்தப் பல் புல்லென்றும் எலும்பென்றும் பாராது.

இனி, கத்தியை ஓட்டும் பாகம். சுழலும் சக்கரத்தின் ஓர் ஓரத்தில் உள்ள முளையிலிருந்து கத்தியின் தலைவரை நீண்டு, சுழற்சியை முன்பின் ஓட்டமாக மாற்றும் தண்டுக்குப் பிட்மன் என்று பெயர். மரம் அறுக்கும் குழியில், மேலே ஒருவனும் கீழே ஒருவனுமாக நின்று வாளை இழுத்த காலத்தில், குழியில் நின்றவனை ஆங்கிலேயர் அப்படி அழைத்தார்கள். பிற்பாடு நீர்ச்சக்கரம் வந்து, அவன் செய்த வேலையை ஒரு தண்டு செய்யத் தொடங்கியபோது, பெயரும் அந்தத் தண்டைச் சேர்ந்தது. அந்தத் தண்டு படும் பாட்டை ஒரு சிறு கணக்கால் அறியலாம். சக்கரம் நிமிஷத்துக்கு 900 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், கத்தி நொடிக்கு முப்பது தடவை மூன்றங்குலம் ஓடி ஓடி நிற்கிறது. சராசரி வேகம் நொடிக்கு 2.3 மீட்டர்தான், வேகமாக நடக்கும் மனிதனுக்குச் சற்று மேல். ஆனால் ஒவ்வொரு கோடியிலும் அது அடியோடு நின்று, எதிர்த்திசையில் புறப்பட வேண்டும். அந்தக் கணத்தில் அதற்கு வேண்டிய முடுக்கம், பூமியின் ஈர்ப்பைப் போல் முப்பத்துநான்கு மடங்கு. கத்தியின் எடை நான்கு கிலோ என்றால், புல்லே இல்லாத வெறும் ஓட்டத்தில்கூட, ஏறத்தாழ 140 கிலோ கனத்தைத் தாங்கும் விசை, ஒரு நொடிக்கு முப்பது முறை, ஒருமுறை இழுப்பாகவும் அடுத்தமுறை தள்ளலாகவும் அந்தத் தண்டின்மேல் விழுகிறது. பேரிங் இறுக்கமாக இருக்கும்வரை அது விசை. பேரிங்கிலோ கத்தித் தலையின் குமிழிலோ நூலளவு தேய்மானம் ஏற்பட்டுவிட்டால், அதே விசை சம்மட்டி அடியாக மாறுகிறது. பழைய யந்திரங்களில் பிட்மனை எஃகால் செய்யாமல் ஆஷ் அல்லது ஹிக்கரி மரத்தால் செய்த காரணமும் இதுவே. அந்த மரம் அதிர்ச்சியைத் தன் நாரில் வாங்கிக்கொள்ளும், தாங்க முடியாதபோது விலைமதிப்புள்ள மற்ற பாகங்களுக்கு முன்னதாகத் தான் ஒடியும்.

அவருடைய யந்திரத்தில் குமிழ் தேய்ந்திருந்தது. ஓடும்போது கேட்ட கடகட என்ற ஓசையை நான் யந்திரத்தின் இயல்பான பேச்சு என்று எண்ணியிருந்தேன். குமிழையும் அதைக் கவ்வும் கிண்ணங்களையும் மாற்றிக் கிரீஸ் இட்டபின் கேட்டது வேறு ஓசை. தையல் யந்திரம் மிதிப்பது போல் இடைவிடாத, மெல்லிய தடதடப்பு.

இன்னும் இரண்டு அளவுகள் உண்டு. கத்தி தன் ஓட்டத்தின் இரு கோடியிலும் நிற்கும்போது, ஒவ்வொரு பல்லின் நடுவும் ஒவ்வொரு விரலின் நடுவோடு பொருந்தியிருக்க வேண்டும். ஒரு பக்கம் கால் அங்குலம் எட்டாமற்போனாலும், அந்தப் பக்கத்தில் தண்டுகள் பாதி அறுந்து நிற்கும்; அவற்றை அடுத்த ஓட்டம் மறுபடி வெட்ட வேண்டியிருப்பதால், யந்திரம் இழுத்து இழுத்து ஓடும். சட்டத்தை இழுத்துப் பிடிக்கும் தண்டைத் திருகி நீட்டியோ குறைத்தோ இதைச் சரிசெய்தோம். மற்றொன்று முந்தல். நிற்கும்போது சட்டத்தின் வெளிக்கோடி, உட்கோடியைவிட, அடிக்குக் கால் அங்குலம் வீதம் முன்னே இருக்க வேண்டும்; ஏழடிச் சட்டத்துக்கு ஒன்றேமுக்கால் அங்குலம். புல்லின் எதிர்ப்பு வெளிக்கோடியைப் பின்னுக்குத் தள்ளும்போது, இந்த முந்தல் தீர்ந்து, சட்டம் செங்குறுக்காகவும் பிட்மனும் கத்தியும் ஒரே கோட்டிலும் அமைகின்றன. சட்டத்தை யந்திரத்தோடு இணைக்கும் கீல் முளைகள் தேய்ந்தால் முந்தல் போய்விடும். வேலை செய்யும்போது வெளிக்கோடி பின்தங்கும். கத்தி ஒவ்வொரு ஓட்டத்திலும் வளைந்து உராய்ந்து, தலைப்பக்கத்தில் அறுந்துவிடும். நூல் கட்டி அளந்தபோது எங்களுக்கு முக்கால் அங்குலமே கிடைத்தது. முளைத்துளைகளைக் குடைந்து, புதிய புஷ் போட்டு, கனமான முளை செருகியதில் ஒரு முழுநாள் போயிற்று. மூன்று நாள் வேலையில் மிகவும் அலுப்பானதும், செய்ததாக வெளியே கொஞ்சமும் தெரியாததும் இதுதான்.

கல்லிலோ வேரிலோ பலமாக மோதினால் சட்டம் பின்னால் மடங்கி விலகும்படி ஒரு விசைக்கொக்கி இருக்கிறது. அது துருவேறிக் கெட்டிப்பட்டிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, சட்டத்தை ஒருமுறை மடக்கி, மறுமுறை டிராக்டரைப் பின்னுக்கு ஓட்டிக் கொக்கியில் பூட்டிப் பார்த்தோம். சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட்டை வேண்டுமென்றே சற்றுத் தளர்வாக விட்டார். கத்தியில் புல் அடைத்துக்கொண்டால் அது வழுக்கட்டும் என்றார்.

நான்காம் நாள், பனி உலர்ந்த பின், பத்து மணிக்குப் புறப்பட்டார். டிராக்டர் மணிக்கு எட்டு கிலோமீட்டர் போனால், கத்தி ஒருமுறை ஓடும் நேரத்தில் அது ஏழு சென்டிமீட்டர் முன்னே போகிறது. ஏறத்தாழ ஒரு பல்லின் அளவு. அதைவிட விரைந்தால், பல் வந்து சேரும் முன்பே விரல் தண்டை முன்னோக்கி மடக்கிவிடுவதால், அடிக்கட்டை நீளமாகவும் ஏற்றத்தாழ்வாகவும் நிற்கும். அவர் அதைவிடக் குறைவாகவே போனார். நின்ற புல் ஒரு கணம் தனக்கு ஒன்றும் நேராதது போல் நிமிர்ந்திருந்து, பிறகு சட்டத்தின்மேல் ஒரே அலையாகப் பின்னோக்கிச் சாய்ந்தது. வெளிக்கோடியில் சாய்வாகப் பொருத்திய பலகை, வெட்டிய புல்லைச் சுருட்டி உள்ளே ஒதுக்கி, அடுத்த சுற்றுக்கு ஒரு முழ அகலத் தடத்தைத் துப்புரவாக்கிக்கொண்டே போயிற்று. நான் பின்னாலேயே நடந்து, குனிந்து, கோடுகளைத் தேடினேன். ஒன்றும் இல்லை. விரலால் தொட்டால், ஒவ்வொரு தண்டின் தலையும் எழுதுகோலைச் சீவினாற்போல் இருந்தது.

அண்டையில் உள்ளவர்கள் எல்லோரும் வட்டத்தட்டு யந்திரத்துக்கு மாறிவிட்டார்கள். அது மடங்கிப் படுத்த புல்லையும் எறும்புப் புற்றையும் பொருட்படுத்தாமல், இரண்டு மடங்கு வேகத்தில் வெட்டிக்கொண்டு போகிறது. பல்லும் விரலும் தகடும் பார்த்து மெனக்கெட வேண்டியதில்லை. இந்தச் சௌகரியங்களை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் அதே அகலத்தை வெட்ட அதற்குப் பல மடங்கு சக்தி வேண்டும். சக்திக்கு ஏற்ற பெரிய டிராக்டரும், அதற்கு ஏற்ற கடனும் வேண்டும். இவரிடம் உள்ளதோ 1947-க்கும் 1952-க்கும் இடையே செய்யப்பட்ட ரகத்தைச் சேர்ந்த, முப்பது குதிரைசக்தியைக்கூட எட்டாத சிறு டிராக்டர். அடியில் பிடித்து நறுக்கும் யந்திரத்துக்கு அது தாராளமாகப் போதும். பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் மாவட்டத்தில், ஆமிஷ் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த, குதிரையை விடாத விவசாயிகள், குதிரை இழுக்கும் வண்டியில் சிறிய எஞ்சினை ஏற்றி, அதைக்கொண்டு இதே பல்வரிசைக் கத்தியை இன்றும் ஓட்டுகிறார்கள்.

நண்பகலில் நிலத்தின் ஓரத்தில் நிறுத்தி, மழுங்கிய கத்தியை உருவி, சாணை பிடித்து வைத்திருந்த இரண்டாவது கத்தியைச் செருகினார். நிலத்தில் நின்று சாணை பிடிப்பவன் வெயிலை வீணாக்குகிறான் என்பது அவர் கொள்கை. மாலைக்குள் மேல்நிலம் முழுவதும் படுத்துவிட்டது. கீழ்நிலத்துக்கு அவர் போகவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து அந்தப் புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டும் பாபோலிங்க் பறவைகளின் குஞ்சுகள் பறக்கும்வரை அதை வெட்டுவதில்லை என்று வைத்திருந்தார். தாமதித்த புல் தடித்துச் சத்துக் குறையும் என்பது தெரிந்தே செய்கிறார்.

கொட்டிலில், விளக்கு வெளிச்சத்தில், கத்திகள் இரண்டையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்தோம். புல்லின் சாறு பற்களின்மேல் கறுத்த பிசினாக உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பச்சை வாசனை வந்தது. எண்ணெய் தடவி, நீளமான இரண்டு பலகைகளுக்கு இடையே ஒவ்வொன்றையும் வைத்து, சணற்கயிற்றால் மூன்று இடத்தில் கட்டி, விட்டத்தில் அடித்திருந்த முளைகளின்மேல் ஏற்றி வைத்தார். ஜூலைக் கடைசியில், கீழ்நிலத்தில் பறவைச் சத்தம் அடங்கியபின், அவை மறுபடி இறங்கும்.